புத்திர பௌத்திர பாரம்பரியமாய்

வீடு வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வந்து விழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். தாய்ப் பத்திரம் இருக்கிறதா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா, எத்தனை வருடத்துக்கு? பட்டா யார் பேரில்? வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா? பால்காரர் முதல் துறைத்தலைவர் வரை இந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். வாங்குவது பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒன்று: வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?

இந்தக் கேள்விகளுக்கு வயது உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெண் நிற்கிறாள். பெரும்பாலும் சந்தேகத்துக்குரியவளாக.

தாய்ப் பத்திரம் என்று எவ்வளவு அழகான பெயர். நான் கையில் எடுத்துப் படித்த தாய்ப் பத்திரங்களில் தாய்மார் யாரும் விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை. இன்னார் குமாரர் இன்னாருக்கு இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்தது என்றுதான் தொடங்கும். பெண் வரும் இடத்தில் அவள் பெயருக்கு முன்னால் 'க/பெ' வரும், கணவர் பெயர். ஆணின் பெயருக்கு முன் மனைவி பெயரைக் கேட்கும் படிவம் இன்னும் அச்சடிக்கப்படவில்லை.

முதுகலை மாணவிகளுக்குக் கல்வெட்டியல் நடத்தும்போது, மெய்க்கீர்த்திக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான் என்பது முடிந்த பிறகு வருபவற்றில் கணிசமானவை கிரயப் பத்திரங்கள். விலை ஆவணம், விலையோலை என்று பெயர். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கு பக்கமும் சொல்லி, உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் ஒன்று விடாமல் விற்றுக்கொடுத்ததாக எழுதியிருப்பார்கள். இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் 'சொத்து விவரம்' இதன் நேர் வாரிசு. உடும்பும் ஆமையும் போய் சர்வே எண்ணும் சதுர அடியும் வந்துவிட்டன. நான்கெல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஆவணங்களில் பெண்கள் இருக்கிறார்கள். நிலம் வைத்திருந்தார்கள், விற்றார்கள், கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஆனால் சோழர் காலத்துப் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும் கல்வெட்டுகள் பலவற்றில் பக்கத்திலேயே ஓர் ஆண் வந்து நிற்பான். அவனுக்கு முதுகண் என்று பெயர். அவனை முன்னிட்டுத்தான் அவள் விற்பாள். நிலம் அவளுடையது, விலையும் அவளுக்கு, ஆவணத்தில் செல்லுபடியாகும் வாய் மட்டும் அவனுடையது. எல்லாப் பெண்களுக்கும் முதுகண் வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செம்பியன் மாதேவியும் குந்தவையும் கொடுத்த கொடைகளில் அவர்கள் பெயர் நேராக நிற்கிறது. அரச குலம் என்றால் கல்லும் கொஞ்சம் இளகும்போலும்.

கடல் கடந்தால் இந்த முதுகண் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் வீடு வழிவழியாக மகளுக்குச் சீதனமாகப் போகும். உறுதி அவள் பெயரில் இருக்கும். பெண்ணுக்கு வீடு கொடுக்கும் சமூகம் என்று நாம் பொறாமைப்படலாம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் திருமண உரிமைகளுக்காக 1911-இல் வந்த கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடு அவளுடையது, சாவி அவனிடம்.

நான் பேசுவது நிலமிருந்த வீடுகளின் கதை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலமே எழுதப்படாத சாதிகளின் பெண்களுக்கு இந்தக் கேள்விகள் எழவே இல்லை. 1892-க்குப் பிறகு தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதைப் படித்தவர்களுக்கு, ஒழுங்காகப் பதிவான பத்திரமும் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது தெரியும். அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

இப்போதைய பதிவு முறைக்கு அடித்தளம் 1864-இன் பதிவுச் சட்டம். 1882-இல் சொத்து மாற்றச் சட்டம் வந்தது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவான ஆவணம் இல்லாமல் விற்க முடியாது என்று அதன் 54-ஆம் பிரிவு சொன்னது. இன்றும் நாம் வீடு வாங்குவது இதன் கீழும் 1908-இன் பதிவுச் சட்டத்தின் கீழும்தான். காகிதம் வந்ததும் கேள்விகளும் கெட்டிப்பட்டன. அவற்றில் மிக நீண்ட விசாரணைக்கு ஆளானவள் விதவை.

அன்றைய இந்துச் சட்டத்தில், பாகம் பிரிந்து வாழ்ந்த ஒருவன் ஆண் மக்கள் இல்லாமல் இறந்தால் அவன் சொத்து விதவைக்கு வரும். ஆனால் ஆயுள் வரைதான். அனுபவிக்கலாம், விற்க முடியாது. விற்பதானால் சட்டம் ஏற்கும் 'அவசியம்' இருக்க வேண்டும். கணவனின் கடன், கருமாதிச் செலவு, மகள் கல்யாணம், கணவன் ஆன்மா கடைத்தேறப் போகும் கயை யாத்திரை. அவள் இறந்த பிறகு கணவன் வழிப் பங்காளிகள் வந்து, அந்த விற்பனைக்கு அவசியம் இருந்ததா என்று கேட்டு வழக்குப் போடலாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் வேறு. அதனால் விதவையிடம் நிலம் வாங்கியவர் பயந்து பயந்து வாங்கினார். அவள் ஏன் விற்கிறாள் என்பதைப் பத்திரத்திலேயே வரி வரியாக எழுதச் சொன்னார். நாளைக்கு வழக்குப் போடக்கூடிய கொழுந்தனையே சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தார். ஓர் ஆண் விற்கும்போது ஏன் விற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. குடித்தே அழித்திருந்தாலும் 'எனது குடும்பச் செலவுக்காக' என்ற ஒற்றை வரி போதும். விதவையின் பத்திரமோ கிட்டத்தட்ட ஒரு தன்வரலாறு. நம் பாட்டிமார் எழுதாத சரித்திரம் முத்திரைத்தாளில், வேறு யாரோ ஒருவர் கையெழுத்தில், கடைசியில் ஒரு கைநாட்டோடு கிடக்கிறது. பெண்ணெழுத்து வரலாற்றை ஆராய வரும் மாணவிகள் நூலகத்துக்கு அடுத்தபடியாகப் போகவேண்டிய இடம் பதிவு அலுவலகத்தின் பழைய புத்தகங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-இன் சட்டம் கூட்டுக் குடும்பத்து விதவைக்கும் கணவன் பங்கைத் தந்தது, அதுவும் ஆயுள் வரைக்கும் என்ற அதே கயிற்றோடு. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் கயிற்றை அறுத்தது. பெண் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழு உரிமை என்று 14-ஆம் பிரிவு சொன்னது. உயில் எழுதாமல் இறந்த தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. பாட்டன் சொத்தில் மட்டும் பிறப்புரிமை மகனோடு நின்றது.

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் பலரும் மறந்துவிட்டார்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் பாகம் கேட்கக்கூடாது. கல்யாணமாகாதவளும், கணவனை இழந்தவளும், கைவிடப்பட்டவளும் அங்கே தங்கிக்கொள்ளலாம். வாழாவெட்டியாக வந்தால் ஒரு மூலை உண்டு, வாழ்கிறவளுக்கு அதுவும் இல்லை. அண்ணன் தம்பி பிரியாத வரைக்கும் அவள் பங்கு சுவருக்குள் இருந்தது. 2005 வரை இதுவே சட்டம்.

செங்கல்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. ஆந்திரா 1986-இல் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989 முதல் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது, ஒரு நிபந்தனையோடு: அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களுக்குக் கிடையாது. எனக்கு இரண்டு அத்தைகள். மூத்தவருக்கு 1987-இல் கல்யாணம், இளையவருக்கு 1990-இல். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பந்தல்காரர்கூட. ஒருவர் பங்காளி, இன்னொருவர் விருந்தாளி. 9.9.2005-இல் மத்தியச் சட்டம் திருமணத் தேதிக் கோட்டை அழித்தது. 23-ஆம் பிரிவையும் நீக்கியது. ஆனால் 20.12.2004-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் தொடாமல் விட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்று முடித்துவைத்தது. உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் இருப்பும் இறப்பும் அதைத் தீர்மானிக்காது. இவையெல்லாம் இந்துச் சட்டத்துக்குள் வருவோர் கதை. இஸ்லாமியப் பெண்ணுக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் கணக்கு வேறு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் அண்ணன்மார் மட்டும் எல்லா மதத்திலும் உண்டு.

இந்த வரலாறு வீடு வாங்குபவரிடம் எப்படி வந்து சேர்கிறது என்றால், வக்கீல் கேட்கும் ஒரு கேள்வியாக: "பெண் வாரிசு யாரும் இருக்காங்களா?"

திருச்சிப் புறநகரில் நான் வாங்கிய வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். வீடு கட்டியவர் 1978-இல் மனை வாங்கி, அஞ்சல் துறைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கட்டியவர். உயில் எழுதாமல் போய்விட்டார், அவர் மனைவியும் போய்விட்டார். இரண்டு மகன், ஒரு மகள். பட்டா மகன்கள் இருவர் பெயருக்கும் மாறியிருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு பதிவும் இல்லை. தரகர் அந்தத் தாளை வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல் நீட்டினார்.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். விற்றது, அடமானம் வைத்தது, தானம் கொடுத்தது என்று பத்திரம் பதிந்திருந்தால் அதில் ஏறும். ஒரு பெண் பிறந்தது அதில் ஏறாது. தகப்பன் இறந்த கணத்தில் அவளுக்குச் சேர்ந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பத்திரம் கிடையாது, அதனால் பதிவும் கிடையாது. பட்டா மாறிவிட்டதே என்றால், பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது. ஆகவே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைக் கேட்க வேண்டும். அதில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது, மூன்றாவதாக.

"கட்டிக்குடுத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு மேடம், முப்பது பவுன் போட்டாங்க, அது ஒண்ணும் கேக்காது" என்றார் தரகர். அது என்ற சொல்லைக் கவனித்தேன். வக்கீல் நல்லவர், வேலையில் கெட்டிக்காரர். அவர் சொன்னது: "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டா டைட்டில் சுத்தமாயிடும்." ஊர்ப்பேச்சில் வில்லங்கமான ஆள் என்றால் வம்புக்காரர் என்று பொருள். அந்த வீட்டின் ஒரே வில்லங்கம் அதில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்.

விடுதலைப் பத்திரம் என்ற பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. நானும் பல மேடைகளில் விடுதலை பற்றிக் கவிதை வாசித்திருக்கிறேன். இந்தப் பத்திரத்தில் விடுதலை அடைவது சொத்து, பெண்ணிடமிருந்து. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையும் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. வரைவைப் படித்தேன். சகோதரர்கள் செய்த சீர் வரிசைகளில் மனம் நிறைந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு தன் பாத்தியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. இந்த நிறைந்த மனம் எல்லா விடுதலைப் பத்திரங்களிலும் அதே சொற்களில் நிறைந்திருக்கும்.

விடுதலை வேண்டாம், அவரும் விற்பவர்களில் ஒருவராகக் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போடட்டும், அவர் பங்கை அவர் பெயருக்கே வங்கி வரைவோலையாகத் தருகிறேன் என்று வக்கீலிடம் சொன்னேன். சட்டப்படி அதில் தடை எதுவும் இல்லை, வாங்குபவருக்கு அது இன்னும் பாதுகாப்பு. ஆனால் இரண்டு மாதம் இழுத்தது. "நீங்க வீடு வாங்க வந்தீங்களா, எங்க குடும்பத்தைப் பிரிக்க வந்தீங்களா?" என்று இளைய சகோதரர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பெண் தன் பெயரில் வீடு வாங்க, இன்னொரு பெண் தன் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பதிவு நாளில் அந்த அம்மா கரூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். கேமரா முன் உட்காரச் சொன்னதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பெருவிரல் ரேகை முதல் முறை விழவில்லை. பாத்திரம் தேய்த்த விரலுக்கு அப்படித்தான் என்று சிரித்தார். அவர் பெயருக்கு எடுக்கப்பட்ட வரைவோலையின் தொகை மூன்றில் ஒரு பங்கு இல்லை. அதில் பாதிகூட இல்லை. அண்ணன் தம்பி தங்கை மூவரும் அவ்வளவுதான் பேசி முடித்திருந்தார்கள். வெளியே டீ குடிக்கும்போது, ஏன் என்று கேட்டேன். "பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும்ல டீச்சர். இந்த வீட்ட நீங்க வாங்கிட்டீங்க. இனிமே அவங்க ரெண்டு பேருதான எனக்குப் பொறந்த வீடு." அந்தக் கணக்குக்கு எந்தத் திருத்தச் சட்டமும் இன்னும் வரவில்லை.

பத்திர வரைவு என் கைக்கு வந்தபோது, தமிழ் படித்த பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். பத்திரத் தமிழ் தனித் தமிழ். சர்வ சுதந்திர பாத்தியங்களோடு, தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் சகிதமாய். அதாவது மண்ணுக்குள் புதையல் இருந்தால் அதுவும், தண்ணீரும், மரமும், கல்லும் எனக்கே. மூன்றாம் மாடியில் அடுக்ககம் வாங்கிய தோழிக்கும் இதே புதையல் உரிமையை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ரசித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றேன். சொத்தை நான் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மகன், மகன் வயிற்றுப் பேரன், அவன் வழி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்து மகளாக இருந்தாலும் இந்த வரியில் அவளுக்கு இடமில்லை.

'தாங்களும் தங்கள் வாரிசுகளும்' என்று மாற்றச் சொன்னேன். பத்திர எழுத்தருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "அது சட்ட வார்த்தைம்மா, கை வைக்கக் கூடாது" என்றார். இன்றைய சட்டத்தில் அந்த வார்த்தைக்கு அவசியமே இல்லை. விற்பவரிடம் இருக்கும் உரிமை முழுவதும் வாங்குபவருக்குப் போய்ச் சேரும் என்பதை 1882-இன் சட்டமே சொல்லிவிடுகிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பழைய உண்மை இருந்தது. கணவன் மனைவிக்கு நிலம் எழுதிவைத்தால், அது அவள் ஆயுளுக்கு மட்டுமே என்று வாசிக்கும் பழக்கம் அக்கால நீதிமன்றங்களுக்கு உண்டு. பத்திரத்தில் 'புத்திர பௌத்திராதி' என்ற சொற்கள் இருந்தால் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்குகளில், அந்தச் சொற்கள் வழிவழியாக நிற்கும் முழு உரிமையைக் குறிப்பவை, பெற்றவள் பெண்ணானாலும் பொருள் அதுவே என்று தீர்ப்பாயிற்று. அவளை வெளியே நிறுத்திய அதே சொல்தான் அவள் கையில் நிலத்தை முழுதாகக் கொடுத்தது. யாரோ ஒரு தகப்பனோ கணவனோ, பங்காளிகள் பின்னால் வந்து பிடுங்கக்கூடாது என்று, தன் பெண்ணுக்காகத் தெரிந்தே அந்தச் சொல்லை எழுதவைத்திருக்கக்கூடும். இதை அறிந்த பிறகும் அந்த வரியை மாற்றத்தான் செய்தேன். இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு மாற்றித் தந்தார்.

பெண் பெயரில் வாங்குவது இப்போது ஊக்குவிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1.4.2025 முதல், பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. நல்லதுதான். ஆனால் பெண் பெயரில் வாங்குவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கடன்காரனுக்குப் பயந்தும் வருமான வரிக்குப் பயந்தும் மனைவி பெயரில் வாங்கிப்போட்டவர்கள் ஏராளம். 1988-இன் பினாமிச் சட்டம்கூட மனைவி பெயரிலும் மணமாகாத மகள் பெயரிலும் வாங்குவதைத் தடை செய்யவில்லை. மாறாக நிரூபிக்கப்படாத வரை அது அவர்கள் நலனுக்காகவே வாங்கியது என்று கொள்ளும்படி சொன்னது. 2016-இல் சட்டம் திருத்தப்படும்வரை இருந்த அந்த வரியை எத்தனை மனைவிகள் அறிந்திருந்தார்கள்? பத்திரத்தில் பெயர் இருக்கும், பத்திரம் பீரோவில் இருக்கும், பீரோச் சாவி இடுப்பில் இருக்காது. நிலைமை முறியும் நாளில் அவளிடம் கேட்கப்படும் கேள்வி, பணம் யார் போட்டது என்பது. அதனால் என் மாணவிகளுக்கு நான் சொல்வதெல்லாம் காகிதம் பற்றித்தான். உன் சம்பளத்திலிருந்து போன தொகை உன் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். கடன் சேர்ந்து வாங்கினால் பத்திரத்திலும் சேர்ந்து இரு. மாதத் தவணைக்கு உன் பெயரும் வீட்டுக்கு அவர் பெயரும் என்ற ஏற்பாட்டில் கையெழுத்துப் போடாதே. நகை விற்ற பணம் போகிறதென்றால் விற்ற ரசீதை வைத்துக்கொள். பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

வீடு வாங்கும்போது எல்லாரும் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் என்னிடம் கேட்கப்படவே இல்லை: உங்களுக்குப் பிறகு யாருக்கு? ஆணிடம் கேட்க வேண்டியதில்லை, அவன் இறந்தால் யார் என்பது பெரும்பாலும் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். பெண் விஷயத்தில் சட்டம் எதிர்பாராத பக்கம் திரும்பும். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956 சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பிள்ளைகளும் கணவனும் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களுக்குப் பிறகுதான் அவளைப் பெற்றவர்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அவள் சம்பாதித்ததற்கு இல்லை. 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கல்யாணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்து, பதினைந்து வயதில் மாமியார் வீட்டாரால் துரத்தப்பட்டு, தாய் வீட்டில் படித்து, வேலைக்குப் போய், ஆயுள் முழுக்க அவர்கள் முகத்தில் விழிக்காத ஒரு பெண் சேர்த்த சொத்து முழுவதும் அந்த மாமியார் வீட்டாருக்கே போனது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்ற நிலையில் நீதிமன்றம் நின்றது.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாள் போதும். பதிவதும் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. நாம் கையெழுத்திட்டதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கிரயப் பத்திரம் கைக்கு வந்த வாரமே, ஒன்றரைப் பக்கத்தில், என் தமிழில் எழுதினேன். வீடு என் அண்ணன் மகளுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட துறைத் தோழிகள் இருவரும் அன்று மாலையே ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கேட்டார்கள்.